ஆர்டர் வந்துட்டாமில்ல!

ஏட்டி, இங்கன வா. திண்ணையில உக்காரு. ஆர்டர் வந்துட்டாமில்ல! காலைலருந்து ஒங்க அம்மை தெரு முழுக்கச் சீனி குடுத்துக்கிட்டு அலையுதா. எனக்குச் சுகருன்னு சொல்லி உள்ளங்கையில நாலு பருக்கை வச்சுட்டுப் போறா. கருப்பட்டி காய்ச்சுன குடும்பத்துல சீனியக் குடுக்கதே தப்பு, அதுலயும் கஞ்சத்தனம்.

இனி நல்ல டீச்சரா இருக்கது எப்பிடின்னு ஊருல ஆளாளுக்கு ஒனக்குச் சொல்லுவாவ. நான் அதைச் சொல்ல மாட்டேன். சௌரியமா இருக்கது எப்பிடின்னு சொல்லுதேன், கேட்டுக்க. நாப்பத்திரெண்டு வருசம் பனை ஏறுனவன் நான். உச்சியில நின்னா பள்ளிக்கூடத்து முத்தம் முழுசும் தெரியும். இன்ஸ்பெக்டருமாருக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

மொதல்ல பிந்திப் போகப் படிச்சுக்கணும். முன்ன இங்கன ஒரு சார்வாள் இருந்தாவ. நான் பதினெட்டாவது மரத்துல நிக்கையில பள்ளிக்கூடத்துல மணி அடிக்கும். இருபத்தொண்ணாவது மரத்து உச்சிக்குப் போகையில அவுக சைக்கிளு புளியமரத்து முக்குல திரும்பும். இருபதாவது மரத்துல வந்ததும் கிடையாது, இருபத்திரெண்டுக்குப் போனதும் கிடையாது. தெனமும் ஒரே அளவுக்குப் பிந்துததுக்கும் ஒரு கட்டுப்பாடு வேணும்லா? கேட்டா பஞ்சருன்னுவாவ. அந்தச் சைக்கிளு டியூபுல ரப்பர விட ஒட்டுதான் சாஸ்தி.

எனக்கு அப்பிடிக் குடுத்து வைக்கல. பாளைய தெனமும் சீவணும், காலையிலயும் சாயங்காலமும். அதுவும் வெத்தலை கனத்துக்குத்தான் சீவணும். ஏறாம விட்டுட்டா வெட்டுவாய் காஞ்சு அடைஞ்சுபோவும். பொறவு எந்தச் சாமிக்கு நேந்துக்கிட்டாலும் சொட்டாது. ஒனக்கு அந்தத் தொல்லை இல்ல பாத்துக்க. நீ ஒரு வாரம் போவலன்னாலும் பிள்ளைக அங்கனயே உக்காந்திருக்கும். ஒன் சம்பளமும் கலயத்துல ஊறிக்கிட்டேதான் இருக்கும்.

சட்டம்னு ஒண்ணு இருக்கு, பயந்துராத. கல்வி உரிமைச் சட்டம். 2009-ல போட்டாவ, 2010 ஏப்ரல் 1-லருந்து நடப்புக்கு வந்துச்சு. தாத்தாவுக்கு எப்பிடித் தெரியும்னு பாக்கியா? கொள்ளுப்பேரனுக்குக் காப்பாளருன்னு என்னையப் பள்ளி மேலாண்மைக் குழுவுல போட்டாவல்லா. கூட்டத்துல டீயும் குடுத்தாவ, ஒரு புத்தகமும் குடுத்தாவ. டீய நான் குடிச்சேன், புத்தகத்தை ஒன் அக்கா வாசிச்சுச் சொன்னா. அஞ்சாங்கிளாஸ் வரை வருசத்துக்கு 200 நாள் பள்ளிக்கூடம் நடக்கணும், ஆறுலருந்து எட்டு வரை 220. வாத்தியாருக்கு வாரத்துக்கு 45 மணி நேர வேலை, பாடம் தயாரிக்க நேரமும் அதுக்குள்ள அடக்கம். அந்தத் தயாரிப்பு நேரத்தை நல்லாப் பிடிச்சுக்க. அதை எவனும் படி வச்சு அளக்க முடியாது. சீரியலு பாத்துக்கிட்டே தயாரிக்கலாம்.

நோட்டுத் திருத்துதது இன்னும் லேசு. போன மாசம் என் கொள்ளுப்பேரன் கட்டுரை நோட்ட எடுத்துட்டு வந்து, 'தாத்தா, ஒங்க மரத்தைப் பத்தி எழுதிருக்கேன்'னான். கண்ணாடியப் போட்டுப் பாக்கேன், 'பணை மரம்'. மூணு சுழி 'ண'. ஒரு பக்கத்துல நாலு எடத்துல பணை. நாலுக்கும் மேல செவப்பு மையில டிக்கு, அடியில 'நன்று', அதுக்குக் கீழ தேதி போட்டு ஒரு கையெழுத்து. நான் மூணாங்கிளாஸோட கலயம் கட்டப் போனவன்தான், ஆனா நான் ஏறுன மரம் எதுன்னு எனக்குத் தெரியாதா? பயகிட்ட, 'ஏலே, இது ரெண்டு சுழி'ன்னேன். 'டீச்சரே டிக்குப் போட்டுருக்காவ, ஒங்களுக்குத் தெரியாது தாத்தா'ங்கான். அவனைச் சொல்லிக் குத்தமில்ல, அவன் வாத்தியாரை நம்புதான். அந்த நம்பிக்கைய நெனச்சுத்தான் எனக்கு அன்னைக்கு ராத்திரி ஒறக்கம் வரல. நீ அப்பிடியெல்லாம் ஒறக்கத்தைக் கெடுத்துக்காத. வாசிக்காம டிக்குப் போட்டா நாப்பது நோட்டு கால் மணி நேரத்துல முடிஞ்சுபோவும்.

நன்னூல் படிச்சிருப்பியே? பவணந்தி முனிவரு எழுதுனது, எழுநூறு வருசத்துக்கு மேல ஆச்சு. நல்லாசிரியன் எப்பிடி இருக்கணும்னு சொல்லிட்டு, அந்த வேலைக்கு லாயக்கில்லாதவனுக்கு நாலு சாமானைக் காட்டுதாரு. கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு. நீ மார்க்குக்குப் படிச்சிருப்ப. நான் அதுல ஒண்ணை ஏறியே பாத்திருக்கேன். கழச்சிக்காயக் குடத்துல போட்டுக் கவுத்தா போட்ட வரிசையிலயா வரும்? அந்த மாதிரி, வகுத்தலை நடத்தி முடிச்சுட்டுப் பெருக்கலுக்கு வருத ஆளு உண்டு. வாய் குறுகுன குடுக்கையில பஞ்சத் திணிச்சா எடுக்கது பாடுதான், அதை விடு. மடற்பனைதான் எனக்கு விசேசம். பழைய மட்டையக் கழிக்காத பனைய நீ பாத்ததில்ல. கீழருந்து மேல வரை கருக்கு. கிட்டப் போனா தொடையக் கிழிக்கும். பழம் வேணுமா? அதுவா என்னைக்காச்சும் கீழ போடும், பொறுக்கிக்க. 'சார், புரியல'ன்னு ஒரு பிள்ளை எந்திரிச்சதும், 'இத்தனை நேரம் எங்க பாத்துக்கிட்டு இருந்த?'ன்னு கேக்காவ பாரு, அதுதான் கருக்கு. ரெண்டு தரம் கிழிபட்ட பிள்ளை மூணாந்தரம் மரத்தடிக்கே வராது.

முடத்தெங்குதான் காசு. தண்ணி ஊத்துததும் ஒரம் வைக்கதும் ஒரு வீடு, மரம் வளைஞ்சு போயி இளநி போடுதது அடுத்த வீடு. முனிவரு டியூஷன் சென்டரைப் பாக்காமலே எழுதிருக்காரு! காலையில வகுப்புல, 'இது முக்கியமான கணக்கு, பொறவு பாப்போம்'னு பாதியில நிறுத்துவாவ. அந்தப் பொறவு எங்கன்னா, சாயங்காலம் ஆறு மணிக்கு அவுக வீட்டு வராந்தாவுல, மாசம் இம்புட்டுன்னு. துட்டு குடுக்க முடியாத பிள்ளைக்கு அந்தக் கணக்கு கடைசி வரை பாதிதான். அந்தக் கல்வி உரிமைச் சட்டத்துல 28-வது பிரிவு, வாத்தியாருமாரு தனி டியூஷன் எடுக்கப்படாதுன்னு ஒத்த வரியில சொல்லுது. ஒத்த வரிதானேன்னு தாண்டிப் போறவுக நெறைய. இது போக வட்டிக்கு விடுதது, தவணைக்குச் சேலை விக்கது, பிளாட்டு புரோக்கரு. இதெல்லாம் கூடாதுன்னு அரசு ஊழியர் நடத்தை விதியில 1973-லயே எழுதி வச்சிருக்காவ. நீ வேணும்னா சேலையில ஆரம்பி, எனக்கு ஒரு துண்டு போட்டுக்க.

அடிக்கதைப் பத்திக் கேக்கியா? கல்வி உரிமைச் சட்டத்துல 17-வது பிரிவு, அடிக்கவும் கூடாது, மனசு நோவடிக்கவும் கூடாது. கம்பு தடம் வைக்கும், நாக்கு வைக்காதுல்லா, அதனால கெட்டிக்காரங்க நாக்க எடுத்துக்கிட்டாவ. 'நீ ஆடு மேய்க்கத்தான் லாயக்கு'ன்னு சொன்ன சார்வாள்கிட்ட நாப்பது ஆட்ட ஒருநாள் பத்தி விட்டுப் பாக்கணும். இருபது பிள்ளைய ஒரு அறைக்குள்ள வச்சிருக்க முடியாதவுக அவுக. பாளைய மொதல்ல கடிப்பு வச்சு இடுக்கணும். இறுக்கலன்னா ஊறாது. ஓங்கி இறுக்குனா உள்ள நசுங்கிப் பாழாப்போவும். அந்த அளவு என் கைக்கு வர ரெண்டு வருசம் ஆச்சு. அந்த ரெண்டு வருசமும் எங்க அப்பன் என்னைய அடிச்சாரு. அடியில நான் படிச்சது அவரு எந்த வழியா வாராருங்கதை மட்டுந்தான். பாளை இடுக்கப் படிச்சது அவரு கையப் பாத்து.

இன்னொண்ணு. புதுப் பிள்ளைகிட்ட, 'நீ எந்தத் தெருடா?'ன்னு கேப்பாவ. தபாலு குடுக்கவா கேக்காவ? நம்ம பக்கத்துல தெருவச் சொன்னா சாதி தெரிஞ்சுபோவும், அம்புட்டுத்தான். நாங்குநேரியில 2023-ல ஒரு பயலை வீடு புகுந்து வெட்டுனதும் கூடப் படிச்ச பயலுவதான். அதுக்குப் பொறவு நீதிபதி சந்துரு அய்யாவ வச்சு அரசாங்கம் ஒரு குழு போட்டுச்சு. அடுத்த வருசம் அறிக்கை குடுத்தாவ. பிள்ளைக கையில கலர் கயிறு கட்டப்படாது, வருகைப் பதிவேட்டுல சாதி தெரியப்படாதுன்னு எழுதிருக்காவ. பதிவேட்டுல அழிச்சுரலாம். தெருப் பேரைக் கேக்க நாக்க என்ன செய்ய? நீ கேக்காத தாயி. இதை நான் வெளையாட்டுக்குச் சொல்லல.

இதுவும் வெளையாட்டு இல்ல. ஒரு பிள்ளை ஒன் காதுல வந்து, இன்னாரு என்னைய இப்பிடித் தொட்டாருன்னு சொல்லுச்சுன்னா, பள்ளிக்கூடத்துக்குப் பேரு கெட்டுரும்னு பெரியவங்க ஒன் கையப் பிடிப்பாவ. பிடிச்ச கையத் தட்டி விட்டுரு. 2012-ல வந்த போக்சோ சட்டப்படி தெரிஞ்சும் போலீசுக்குச் சொல்லாம மறைச்சாலே குத்தம். 1098-க்குப் போன் போட்டாலும் கேப்பாவ. அந்தப் பிள்ளை அத்தனை பேருல ஒன்னையத் தேடி வந்துச்சே, அதை மட்டும் நெனச்சுக்க.

ஒங்க பக்கத்து ஞாயத்தையும் நான் பாக்காம இல்ல. எமிஸு இணையதளத்துல ஏத்து, போட்டோ எடுத்து அனுப்பு, அந்தப் பட்டியலு, இந்தப் பட்டியலு. போன வருசம் ஒரு டீச்சரு சிக்னலு தேடிப் பள்ளிக்கூடத்துக் குட்டிச்சுவரு மேல ஏறி நின்னதை நான் பாத்தேன். பனைய விட ஆபத்தான ஏத்தம், காலுல மாட்டத் தளைநாரும் கிடையாது. கல்வி உரிமைச் சட்டப்படி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் வேலை, இதுக்குத்தான் ஒங்கள வெளிய கூப்பிடலாம், 27-வது பிரிவு. மத்ததுக்கு எவனாச்சும் கூப்பிட்டா எழுத்துல குடுங்கன்னு கேளு. கேக்கதுக்கு ஒரு தகுதி வேணும், அது என்னன்னா நீ மணிக்கு முன்ன அங்கன இருந்திருக்கணும்.

சரி, எந்திரி. ஒங்க அம்மை கூப்பிடுதா. ஆர்டர்ல போட்டுருக்க ஊருக்கு இங்கனருந்து எட்டு இருவதுக்கு ஒரு பஸ்ஸு இருக்கு. அதை விட்டா அடுத்தது ஒம்பதே முக்காலுக்குத்தான்.