டீக்கடைப் பிளேஸ்மென்ட் ஆபீசர்

எந்த இன்ஜினியரிங் காலேஜை எடுத்துக்கொண்டாலும் அங்கே இரண்டு பிளேஸ்மென்ட் ஆபீசர்கள் இருப்பார்கள். ஒருவர் அட்மின் பிளாக்கில் உட்கார்ந்திருப்பார். இன்னொருவர் காலேஜ் வாசலுக்கு எதிரே, டீக்கடை பெஞ்சில். முன்னவருக்குச் சம்பளம் உண்டு, பின்னவருக்கு மரியாதை உண்டு. பின்னவர் நான்காம் ஆண்டு மாணவர். ஜூனியர்களுக்கு அவர் ‘அண்ணே’.

ஏழாவது செமஸ்டரில் கம்பெனிகள் வரத் தொடங்கிவிட்டால் அண்ணனுக்கு டீ குடிக்கக்கூட நேரம் இருக்காது. குடித்த டீக்கு ஜூனியர்கள் காசு கொடுப்பார்கள் என்பது வேறு விஷயம். “ஹெச்.ஆருக்குக் கட்டம் போட்ட சட்டை ஆகாதுடா.” “மத்தியானத்துக்கு மேல உள்ள போ. பேனல் களைச்சுப் போயிருக்கும், ரெண்டு கேள்வியோட விட்டுருவாங்க.” “அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பேன்னு கேட்டா, உங்க சீட்லதான் சார்னு சொல்லு. அசந்துருவாங்க.” இந்தக் கடைசி யோசனையை நம்பிச் சொன்ன மெக்கானிக்கல் பையன் ஒருவன் இன்றுவரை தானே அசந்துபோய்க் கிடக்கிறான்.

“ஐ.ஐ.டி.லயே டிசம்பர் 1-ம் தேதிதான்டா ஆரம்பிக்கிறாங்க, நமக்கு என்ன அவசரம்?” என்பது அண்ணனின் ஆகஸ்ட் மாத வாசகம். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் கேட்கும் கம்பெனிகள் அவருடைய காலேஜுக்கு அப்போதே வந்து போய்க்கொண்டிருக்கும். அண்ணனுக்குச் சதவீதம் இருக்கிறது. அரியரும் இருக்கிறது. அதனால் அவர் மொத்த அமைப்பையும் கொள்கை ரீதியாக எதிர்க்கிறார்.

“பிளேஸ்மென்ட் செல்லுக்குப் போய் என்னத்தக் கிழிக்கப் போற? அதுவும் எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் மாதிரிதான்.” இது பரம்பரையாக வந்த கருத்து. அவருடைய அப்பா வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை தவறாமல் புதுப்பித்து, அந்த அட்டையை இன்னும் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறார். கடிதம் மட்டும் வரவில்லை.

ஒரு வேலை கிடைத்தவன் ஒதுங்கி அடுத்தவனுக்கு வழிவிட வேண்டும் என்று பல காலேஜ்களில் ஒரு விதி உண்டு. நாலு ஆஃபரையும் ஒரே டாப்பர் அள்ளிக்கொண்டு போகாமல் இருக்கத்தான் அது. அதிகச் சம்பளம் தரும் ‘டிரீம்’ கம்பெனிக்கு மட்டும் விலக்கு. அண்ணன் இதைப் பெரிய அரசியல் என்பார். கையில் ஒரு ஆஃபர்கூட இல்லாத மனிதர் இந்த விதிக்காக இவ்வளவு கொதிப்பது தியாகம்தான்.

இத்தனைக்கும் பிளேஸ்மென்ட் செல் அறைக்குள் அவர் கால் வைத்ததே இல்லை. போன வருஷம் இன்டர்வியூ முடித்து வந்தவர்கள் தங்களிடம் கேட்ட கேள்விகளை எழுதிக் கொடுத்த ஃபைல் அங்கே இருக்கிறது. பழைய மாணவர்களின் போன் நம்பர்கள் இருக்கின்றன. 2022-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் என்னென்ன படிக்கலாம் என்று சொல்ல ஆள் இருக்கிறார். மூன்றாம் ஆண்டிலேயே எட்டிப் பார்த்திருந்தால் இன்டர்ன்ஷிப் அமையலாம். அது சிலருக்கு அப்படியே வேலையாகவும் மாறும். எல்லோரும் முட்டி மோதும் நோட்டீஸ் போர்டுதான், என்னைக் கேட்டால், அங்கே இருப்பதிலேயே உபயோகம் குறைந்த பொருள்.

கடைசியில் அண்ணனை அங்கே அனுப்பி வைத்தது ஞானோதயம் அல்ல, ஜெராக்ஸ் கடையில் போன கரண்ட். ரெஸ்யூமை பிரிண்ட் எடுக்க மட்டும் போனார். மெஷினிலிருந்து வந்த தாளை அங்கிருந்த மேடம் கையில் எடுத்துப் படித்துவிட்டார்.

“இந்த ஈமெயில் ஐடியில ‘வெறியன்’னு இருக்கே, நீங்கதானா?”

“ஸ்கூல்ல ஆரம்பிச்சது மேடம்.”

“கீழ டிக்ளரேஷன்ல வேற யாரோ பேர் இருக்கே?”

“அது எங்க சீனியர் மேடம்.”

மேடம் சிரிக்கவில்லை, அதுதான் அவருடைய அனுபவம். அங்கேயே உட்காரவைத்து ஒரு மாக் இன்டர்வியூ. ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றதும் அண்ணன் பெயர், ஊர், அப்பா பெயர், அப்பாவின் தொழில் வரை வந்து நின்றார். பிறகு மேடம் புராஜெக்ட்டுக்கு வந்தார். தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பார்த்து ஓடும் ரோபோ. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகங்கள் வாங்கிச் செய்தது.

“ஓடுச்சா?”

“இல்ல மேடம்.”

“ஏன்?”

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். சென்சார்களுக்கு நடுவே இடைவெளி அதிகம், வளைவில் கோட்டைத் தவறவிட்டது, லேப் ஜன்னல் வெயிலில் தரை பளபளத்ததால் கறுப்பும் வெள்ளையும் அதற்கு ஒன்றாகவே தெரிந்தது, சாயங்காலம் நன்றாக ஓடியது என்று அடுக்கிக்கொண்டே போனார். மேடம் குறுக்கே பேசவில்லை.

“இதுல ஒரு வரிகூட ரெஸ்யூம்ல காணோமே தம்பி? பாட்டு கேட்பேன், கிரிக்கெட் பார்ப்பேன்னு மட்டும் இருக்கு.”

அடுத்த வாரம் காலேஜ் பஸ்ஸின் பின் சீட்டில் ஜூனியர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

“டேய், புராஜெக்ட் ஓடுச்சான்னு கேட்டா ஓடலைன்னு தைரியமா சொல்லணும். ஏன் ஓடலைன்னு விளக்கணும். அங்கதான்டா மார்க். இது நானா ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சது.”

“அண்ணே, எங்க புராஜெக்ட் நல்லா ஓடுதுண்ணே.”

அண்ணன் சிறிது நேரம் யோசித்தார்.

“அப்ப கொஞ்சம் கஷ்டம்தான்.”