ஒரு தடவைதான் யூஸ் பண்ணது

குழந்தைக்குப் பழைய சாமான் வாங்கக் கிளம்புமுன் வீட்டுப் பெரியவர்களைச் சமாளித்தாக வேண்டும். "தலைச்சன் பிள்ளைக்கு அடுத்தவங்க போட்டுக் கழிச்சதையா போடுவாங்க?" என்று மாமியார் கேட்பார். பதில் பேசாதீர்கள். பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பையைத் திறந்து காட்டுங்கள். உள்ளே தாத்தாவின் பழைய வேட்டி நாலாகக் கிழித்து மடித்து இருக்கும். கூடவே, பிள்ளைகள் கொழுகொழுவென்று வளர்ந்த வீடாகப் பார்த்துக் கேட்டு வாங்கிய பழைய சட்டை ஒன்றும் இருக்கும். எடுத்து வைத்தவர் சாட்சாத் மாமியார்தான். பல வீடுகளில் பெயர் வைக்கும் நாள் வரை குழந்தைக்குப் புதுத்துணியே போடமாட்டார்கள். பழசைப் பற்றி மாமியாருக்கு ஆட்சேபணை ஏதும் கிடையாது. அதற்குப் போய்க் காசு கொடுக்கிறீர்களே என்பதுதான் அவர் வயிற்றெரிச்சல்.

அதற்குப் பரிகாரமும் அவரே சொல்வார்: சொந்தத்தில் கேட்டால் சும்மா கிடைக்குமே! இந்த இடத்தில்தான் நீங்கள் அசையாமல் நிற்க வேண்டும். சொந்தக்காரர் சும்மா கொடுப்பதைவிட விலை அதிகமான பொருள் எந்தக் கடையிலும் இல்லை. நாத்தனார் ஒரு மூட்டைத் துணி கொடுத்தால், ஒவ்வொரு சட்டையையும் போட்டு போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போடும் கடமை உங்களுக்கு வந்துவிடும். அடுத்த காதுகுத்தில் நாலு பேர் நடுவில், "எங்க குட்டி போட்ட சட்டை. அவனுக்குச் சிக்குனு இருந்துச்சு, இவனுக்கு ஏன் தொளதொளங்குது? ஒழுங்கா ஊட்டுறியா?" என்ற விசாரணை நடக்கும். தொட்டிலாக இருந்தால் இன்னும் மோசம். "பத்திரமா வெச்சுக்கம்மா, சின்னவளுக்கு வேணும்" என்பார்கள். சின்னவளுக்கு இன்னும் ஜாதகமே எடுத்திருக்க மாட்டார்கள். அதுவரை உங்கள் படுக்கையறையில் பாதி அவர்களுடைய குடோன். முன்பின் தெரியாதவரிடம் ஆயிரத்தைந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கினால் கணக்கு வாசலிலேயே தீர்ந்துவிடும்.

முன்பின் தெரியாதவர்கள் கிடைக்கும் இடம் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப். தண்ணீர் லாரி எப்போது வரும் என்ற கேள்விக்கும், பார்க்கிங் சண்டைக்கும் நடுவே விளம்பரம் வரும். அந்தப் பாஷை பழக வேண்டும். "ஒரு தடவைதான் யூஸ் பண்ணது" என்றால் அந்த ஒரு தடவை எட்டு மாதம் நீடித்தது என்று பொருள். "சின்ன ஸ்க்ராட்ச்" என்றால் ஒரு சக்கரம் இல்லை. "குழந்தைக்கு இதில் இன்ட்ரஸ்ட் இல்லை" என்பது மட்டும் அப்பட்டமான உண்மை. உங்கள் குழந்தைக்கும் இருக்காது.

பொருளை எப்படிப் பரிசோதிப்பது என்று யூடியூபில் தேட வேண்டாம். பழைய துணிக்குப் பாத்திரம் போடும் அம்மா தெருவில் வரும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நீங்கள் பட்டுச் சேலை என்று பெருமையாக நீட்டுவதை அவர் விரித்து வெயிலுக்கு நேராகப் பிடிப்பார். இழை விட்ட இடமெல்லாம் ஊசி ஊசியாக வெளிச்சம் தெரியும். சட்டையென்றால் காலரைப் பார்க்கவே மாட்டார். கையை உள்ளே விட்டு அக்குள் தையலைக் கட்டைவிரலால் ஒரு நெம்பு நெம்புவார். டர்ரென்ற சத்தம் வந்ததும், "இது கரித்துணிக்குத்தான் ஆகும்மா" என்று ஓரமாகப் போடுவார். கடைசியில் ஆறு சேலைக்கு ஒரு எவர்சில்வர் டப்பா, அதுவும் மூடியில்லாமல். பேரத்தில் அவரை ஜெயித்தவர் எவரும் இல்லை. அந்த முகபாவத்தைக் கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்ட பிறகுதான் நீங்கள் குழந்தைத் துணி வாங்கப் போகலாம்.

ஆனால் சாதாரண டீ-ஷர்ட், பனியன், ஜட்டி வகையறாவைப் பழசில் வாங்குவது தமிழ்நாட்டில் அசட்டுத்தனம். திருப்பூர் நம் ஊரில்தான் இருக்கிறது. ஏற்றுமதியில் மிஞ்சியதும் கழித்ததும் காதர்பேட்டையில் குவிந்து கிடக்கிறது. பக்கத்து பிளாக்கில் கேட்கும் பழைய விலைக்கு அங்கே புதுசே வாங்கிவிடலாம். பழசில் வாங்க வேண்டியது பட்டுப் பாவாடை. முதல் பிறந்தநாள், ஒரு தீபாவளி, ஒரு சித்தி கல்யாணம், அத்தோடு பீரோவுக்குப் போய்விடும். பாவாடையின் அடியில் டக்குப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிரிக்காத டக்கு இரண்டு இருந்தால் மேலும் இரண்டு வருடம் உத்தரவாதம். பிரித்திருந்தால் மடிப்பு இருந்த இடம் அழுத்தமான நிறத்தில் ஒரு கோடாகத் தெரியும். அதை "பார்டர்" என்று விற்பவர் சொன்னால் நம்பியதுபோல் தலையாட்டி இருநூறு ரூபாய் குறையுங்கள். கழுத்தில் நாடா வைத்த தொப்பிச் சட்டையென்றால் நாடாவை உருவி எறிந்துவிட்டுப் போடுங்கள். ஊஞ்சலிலோ கதவுப்பிடியிலோ மாட்டினால் குழந்தையின் கழுத்தை இறுக்கிவிடும்.

ஸ்ட்ரோலர் வாங்க உலகத்திலேயே சிறந்த ஊர் சென்னை. காரணம், அதைத் தள்ளிக்கொண்டு போக இங்கே இடமில்லை. நடைபாதையில் டிரான்ஸ்பார்மர், அதைத் தாண்டினால் டீக்கடை பெஞ்ச், அதற்கப்பால் ஏற்றி நிறுத்திய புல்லட். ஒரு வாரம் லிஃப்டுக்கும் லாபிக்கும் இடையே ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு அதில் துவைத்த துணியைப் போட்டுவைப்பார்கள். எனவே சக்கரம் பெரும்பாலும் புதிதாகவே இருக்கும். சக்கரத்தைக் கையால் சுற்றும்போது நறநறவென்றால் பெசன்ட் நகர் கடற்கரையில் வாழ்ந்த வண்டி, விட்டுவிடுங்கள். சீட்டின் மடிப்பில் விரலை விட்டால் மேரி பிஸ்கட் தூளும் ஒரு காய்ந்த திராட்சையும் வரும். அது பரவாயில்லை. பெல்ட் கொக்கி டிக்கென்று விழுகிறதா, மடக்கும் பூட்டு நிற்கிறதா என்பதில் மட்டும் தாட்சண்யம் வேண்டாம். ஸ்பிரிங் தொட்டிலும் அப்படியே. ஸ்பிரிங் இளித்திருந்தால் கிளம்பிவிடுங்கள். தூளிக்கான சேலை மட்டும் எந்தக் குரூப்பிலும் விற்பனைக்கு வராது, பாட்டியின் பீரோவில்தான் இருக்கும்.

பொம்மைகளுக்கு வருவோம். பாடும் பொம்மையை ஒருவர் இலவசமாகத் தந்தால், தரும்போது அவர் முகத்தைப் பாருங்கள். ஜாமீனில் வந்தவரின் களை தெரியும். அது ஒரே பாட்டைத்தான் பாடும், ஆஃப் ஸ்விட்ச் உடைந்திருக்கும். பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இல்லாமல் செல்லோ டேப் ஒட்டியிருந்தால் இனாமாகவும் வாங்காதீர்கள். இதில் வேடிக்கை இல்லை. பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். மூன்று வயதுக்குள் என்றால், ஏறக்குறைய 32 மில்லிமீட்டர் வளையத்துக்குள் நுழையும் எதுவும் தொண்டையில் சிக்கக்கூடியது. பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இந்தியாவில் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானது 2021 ஜனவரி 1 முதல்தான். அதற்கு முந்தைய பொம்மையில் பெயின்ட் உரிந்திருந்தால் ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்வது நல்லது.

சக்கரம் வைத்த வட்டமான பிளாஸ்டிக் வாக்கரைத்தான் எல்லாரும் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். கனடாவில் 2004 முதல் அதற்குத் தடை. பழையதை வீட்டு வாசலில் வைத்து விற்றாலும் குற்றம். படிக்கட்டில் உருண்ட குழந்தைகளின் கணக்கைப் பார்த்துவிட்டுப் போட்ட சட்டம் அது. குழந்தை தள்ளிக்கொண்டு நடக்கும் மரத்து நடைவண்டி கிடைத்தால் வாங்குங்கள். பழைய கார் சீட்டும் வேண்டாம். விபத்தில் அடிபட்ட சீட் வெளியே பளபளவென்றுதான் இருக்கும். அடியில் காலாவதித் தேதி அச்சிட்டிருப்பார்கள், விற்பவருக்கே அது தெரியாது.

பேரம் பேசும் நேரம் முக்கியம். வீட்டம்மா இருந்தால் ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு கதை இருக்கும், கதைக்கு முந்நூறு ரூபாய். ஐயா மட்டும் இருக்கும் ஞாயிறு மதியம் போங்கள். "எடுத்துட்டுப் போனா போதும் சார்" என்பார். உங்கள் குழந்தையை மட்டும் கூட்டிப்போகாதீர்கள். அது சைக்கிளில் ஏறி உட்கார்ந்து மணியை ஒரு தடவை அடித்துவிட்டால் பேரம் முடிந்தது.

இருப்பதிலேயே உத்தமமான விற்பனையாளர் ஓ.எம்.ஆரில் ஆன்சைட் கிளம்பும் தம்பதி. விலையைக் கேட்காதீர்கள், ஃப்ளைட் என்றைக்கு என்று கேளுங்கள். ஒரு மாதம் இருந்தால் தொட்டில் ஆறாயிரம். ஒரு வாரம் இருந்தால் இரண்டாயிரம். முந்தின நாள் இரவு போனால் தொட்டிலோடு ஹை சேர், குளிப்பாட்டும் டப், அரை மூட்டை பொன்னி அரிசி, பால்கனித் துளசி எல்லாம் சும்மாவே வரும். துளசியை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், அந்த அம்மா அழுதுவிடுவார். ஒரு குட்டியானையைப் பேசி வைத்துக்கொண்டே போங்கள்.