பனிக்குளத்துத் துவாரவியல்: ஓர் ஆய்வு முன்னுரை

ஸ்காபரோவில் என் வீட்டுப் பின்வளவுக் குளத்தின் ஆழம் மூன்றரை அடி. அதில் தங்கமீன்கள் ஆறு. விண்டர் முடியும்வரை அவை சாகாமல் இருப்பது எப்படி என்பதே ஆய்வுப்பொருள். நான் ஏன் குளம் வெட்டினேன் என்பது ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது.

தீன்: தண்ணீர் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் போடக்கூடாது, செரிக்காது.

வெப்பம்: தண்ணீர் 4 பாகையில்தான் மிகக் கனம். அது அடியில் தங்க, ஐஸ் மேலே மிதக்கும். மீன்கள் அடியில் அசையாமல் கிடக்கும். “செத்துட்டுதோ?” என்று கேட்பது மரபு (பக்கத்து வீட்டு அண்ணை, வேலியோரம், நவம்பர்). காற்றுப் பம்பின் கல்லை அடியில் வைத்தால் அந்த 4 பாகையும் கலங்கிப்போகும். மேலே தூக்கி வைக்க வேண்டும்.

இனித் துவாரம். அழுகும் இலைகளின் வாயு வெளியேற ஐஸில் ஒரு வழி வேண்டும். அதற்குப் பெயர் ஓட்டையா, துளையா, துவாரமா? ஓட்டை தானாக விழுவது (வாளி, கூரை, வரவுசெலவுத் திட்டம்). துளை வேண்டுமென்றே போடுவது. துவாரத்தை நாசிக்கே பட்டயம் எழுதிக் கொடுத்தாயிற்று. சுத்தியலால் அடிப்பதே துளை என்பார் ஒரு சாரார் (அண்ணை, மேற்படி வேலி, கையில் சுத்தியல்). அடியின் அதிர்ச்சி தண்ணீரூடாகப் போய் மீனைத் தாக்கும். ஆகவே அது துளையன்று, கொலை. சுடுதண்ணிப் பானையை ஐஸ்மேல் வைத்து உருக்கினால்? பானை வைத்தவர் மனிதர், உருகியது ஐஸ். எனவே அது ஓட்டையுமாம் துளையுமாம் (மச்சாள், சுன்னாகம், வாட்ஸ்அப் குரல்பதிவு, இரண்டாம் திருத்திய பதிப்பு, 7 நிமிடம், நடுவில் சேவல்). மச்சாள் ஐஸைக் குளிர்சாதனப் பெட்டியில் மட்டுமே கண்டவர். காணாத பொருளில் அடித்துப் பேசுவது ஆய்வுலகில் குறையல்ல. கருத்தரங்குகளில் அதற்குப் பொன்னாடையே உண்டு.

வழி முற்றாக அடைபட்டாலும் தங்கமீன் ஒட்சிசன் இல்லாமல் சில காலம் தாங்கும். உடலில் சேரும் லாக்டிக் அமிலத்தை மதுசாரமாக்கிச் செவுள் வழியே விட்டுவிடும். அதன் சொந்தக்காரரான குருசியன் கெண்டையின் இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மதுசாரம் கண்டிருக்கிறார்கள். ஒன்ராறியோவில் அந்த அளவோடு காரோட்டிப் பிடிபட்டால் சாரதி அனுமதிப்பத்திரத்தை முதல்தடவையே சில நாளுக்குப் பறிப்பார்கள். இதைச் சொன்ன பிறகுதான் அண்ணை என் மீன்களை மதிக்கத் தொடங்கினார்.

துவாரச் சொல்லாய்வில் நான் நாற்பதாம் பக்கத்தில் இருந்தபோது, மனுசி புட்டுப்பானையில் கொதிதண்ணி ஊற்றி ஐஸ்மேல் வைத்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து காலைதோறும் அதுதான் நடந்தது. பெப்ரவரியில் ஒருநாள் பானை வட்டமாக உருக்கிக்கொண்டு உள்ளேயே போய்விட்டது. ஏப்ரலில்தான் எடுத்தோம். மீன் ஆறும் இருந்தன.