சொட்டும் குழாயும் கறுப்பு ஹூடியும்: மாணவர் த்ரில்லர் குறும்படத் தொடக்கம் குறித்த ஓர் ஆய்வு

திருக்குறளில் தும்மல் எங்கெங்கு வருகிறது, யார் தும்மியதற்கு யார் ஊடினார் என்பது வரை தமிழாய்வுலகம் தோண்டித் துருவிவிட்டது. ஆனால் விஷுவல் கம்யூனிகேஷன் எனும் விஸ்காம் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் த்ரில்லர் குறும்படம் எடுக்கப் புறப்பட்டால் முதல் காட்சியில் ஏன் தவறாமல் ஒரு குழாய் சொட்டுகிறது என்ற கேள்வியை எந்தப் பல்கலைக்கழகமும் பொருட்படுத்தவில்லை. அந்தக் குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வெல்லை, படத்தின் முதல் இரண்டு நிமிடம். அதற்கு மேல் சில படங்களில் கதை தொடங்கிவிடுவதால் அப்பகுதி விலக்கப்பட்டுள்ளது.

இரண்டு நிமிடம் என்பது ஆய்வாளரின் சோம்பலால் வந்த வரம்பு என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் ஓசிஆர் என்ற தேர்வு வாரியம் பள்ளி மாணவர்களின் ஊடகவியல் பாடத்துக்குப் பல ஆண்டுகள் வைத்திருந்த செய்முறைப் பணியே அதுதான்: புதிய கதைப்படம் ஒன்றின் தலைப்பும் தொடக்கமும், இரண்டு நிமிடத்துக்கு மிகாமல். மிச்சப் படத்தை எடுக்க வேண்டியதில்லை. கொலையாளி யார் என்று சொல்ல வேண்டாம். மாணவருக்கே தெரிந்திருக்க வேண்டும் என்றும் கட்டாயமில்லை. அதற்கு முன்னால் ஒரு பயிற்சியும் இருந்தது. ஒருவர் கதவைத் திறந்து, அறையைக் கடந்து, இன்னொருவருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டொரு வசனம் பேச வேண்டும். முதல் ஷாட்டில் வலது கையால் திறந்த கதவை அடுத்த ஷாட்டில் இடது கை திறக்கக் கூடாது. கேமரா 180 டிகிரிக் கோட்டைத் தாண்டிப் போய், எதிரெதிரே இருக்கும் இருவரும் ஒரே பக்கம் பார்த்துப் பேசுவதுபோல் ஆகிவிடக் கூடாது. சொல்ல எளிது. மனிதன் கதவைத் திறந்து நாற்காலியில் உட்காருவது எவ்வளவு பெரிய காரியம் என்பது எடிட்டிங் டேபிளில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

நம்மூரில் அப்படி வரம்பு எதுவும் இல்லாததால் நம் மாணவர் பத்து நிமிடப் படம் முழுவதையும் தொடக்கமாகவே எடுத்துவிடுகிறார்.

இனி இலக்கணத்துக்கு வருவோம். தொல்காப்பியர் அகப்பொருளை முதல், கரு, உரி என்று மூன்றாக வகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். இந்த வகுப்பு விஸ்காம் படங்களுக்கு அப்படியே பொருந்துகிறது. நிலம், மொட்டை மாடியும் மொட்டை மாடி சார்ந்த இடமும். பொழுது, யாமம். கருப்பொருள்களாவன கறுப்பு ஹூடி, காய் நறுக்கும் கத்தி, அலாரம் அடிக்கும் செல்போன், மேற்படி குழாய். பறைக்கும் யாழுக்கும் பதிலாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வயலின். உரிப்பொருள், அஞ்சலும் அஞ்சல் நிமித்தமும்.

நிலம் எப்படி முடிவாகிறது என்பதில்தான் முன்னோர் எவரும் காணாத உண்மை ஒளிந்திருக்கிறது. முதல் ‘டிஸ்கஷன்’ கல்லூரி கேன்டீனில் நடக்கும். கதையைப் பேசுவார்கள், பாத்திரத்தைப் பேசுவார்கள் என்று நினைத்துப் பக்கத்து மேசையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கிடைப்பது இதுதான்:

“மச்சி, சனிக்கிழமை உங்க வீடு ஃப்ரீயா?”

“அம்மா இருப்பாங்கடா. மாடி வேணா ஃப்ரீ.”

“அப்ப மாடியிலயே கொன்னுடலாம்.”

களம் முடிந்தது. கதை இனிமேல் மாடிக்கு ஏறி வர வேண்டியதுதான். வடாம் காயும் மாதங்களில் கொலைகள் கார் ஷெட்டுக்கு இடம் மாறும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். சனிக்கிழமை மாலை ஆறரைக்கு, பலியாகப் போகிறவர் தரையில் கிடக்க, கத்தி உயர்ந்து நிற்க, கீழேயிருந்து குரல் வரும்: “தம்பிங்களா, காபி ஆறுது. குடிச்சிட்டுக் கொலை பண்ணுங்கப்பா.” எல்லோரும் இறங்கிப் போவார்கள். திரும்பி வரும்போது வெளிச்சம் மாறியிருக்கும். காபிக்கு முன் எடுத்த ஷாட்டும் பின் எடுத்த ஷாட்டும் ஒட்டாது. இதைத்தான் பிறகு விமர்சகர்கள் ‘காலத்தைக் கலைத்துப் போட்ட கதைசொல்லல்’ என்கிறார்கள்.

ஹூடியைப் பற்றித் தனி முனைவர் பட்டமே வாங்கலாம். சித்திரை வெயிலில் தார் உருகும் சென்னையில் எந்தக் கொலைகாரனும் கழுத்துவரை ஜிப் போட்ட பருத்திச் சட்டையில் அலைய மாட்டான். ஆனாலும் அது இல்லாமல் படம் இல்லை. மேலைத் தாக்கம் என்று சொல்லித் தப்பிப்பது ஆய்வாகாது. காரணம் வேறு. கொலைகாரனாக நடிக்கும் நண்பனுக்கு இரண்டாம் நாள் அரியர் தேர்வு இருக்கும். முகம் தெரியாவிட்டால் யார் வேண்டுமானாலும் அந்தச் சட்டைக்குள் நுழைந்துகொள்ளலாம். நெட்டையாக உள்ளே வந்த கொலைகாரன் குட்டையாக வெளியே போகும் படங்கள் உண்டு.

ஆய்வாளர் கையில் கிடைத்த திட்டத் தாள் ஒன்றை இங்கே விவரிப்பது பொருத்தம். ரெக்கார்டு நோட்டிலிருந்து கிழித்த பக்கம். ஸ்கேல் வைத்து ஆறு கட்டங்கள். முதல் கட்டத்தில் குழாய், கீழே மூன்று சொட்டு. மூன்றாவது சொட்டுக்குப் பக்கத்தில் ‘ஸ்லோ மோ’. இரண்டாவதில் ஷூ. மூன்றாவதில் இரண்டு குச்சி மனிதர்கள். எது யார் என்று தெரியாததால் ஒன்றுக்கு அம்புக்குறி போட்டுக் ‘கொலைகாரன்’ என்று எழுதியிருக்கிறது. இன்னொன்றுக்கு ஜடை. நான்காவதில் நீட்டிய கை. ஐந்தாவதில் ‘ரத்தம் – ரூஹ் அஃப்சா? யார் காசு?’ ஆறாவது கட்டம் வெறுமை. அதன் குறுக்கே நான்கு சொல்: ‘அத ஸ்பாட்ல பாத்துக்கலாம் மச்சி.’ திட்டமிடல் சாத்திரத்தின் மகாவாக்கியம் அது. ஆறாவது கட்டத்தில் வர வேண்டியது படத்தின் ஒரே முக்கியமான தகவல் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ரத்தத்தைப் பொறுத்தவரை, ஹிட்ச்காக் 1960ல் ‘சைக்கோ’வின் குளியலறைக் காட்சிக்கு சாக்லெட் சிரப்பை ஊற்றினார். கறுப்பு வெள்ளையில் அது ரத்தமாகிவிட்டது. நம்மவர் வண்ணத்தில் எடுப்பதால் கேசரி பவுடர், பீட்ரூட், குங்குமம் என்று ஆராய்ச்சி விரிகிறது. கேசரி பவுடர் கலந்து கொலையுண்டவர் மறுநாள் இன்டர்னல் தேர்வை ஆரஞ்சுக் கழுத்தோடு எழுதினார் என்பது வாய்மொழி வழக்கு.

அச்சம் எங்கிருந்து பிறக்கிறது? இதற்கும் தொல்காப்பியரே வழி காட்டுகிறார். மெய்ப்பாட்டியலில் அச்சத்துக்கு அவர் நான்கு நிலைக்களன் சொல்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. மாணவர் படத்தில் அணங்கு என்பது வெள்ளை நைட்டி போட்ட வகுப்புத் தோழன். கள்வர் இடத்தில் ஹூடி. விலங்கு, இரவு பதினொரு மணிக்கு ‘சைலன்ஸ்’ என்று இயக்குநர் கத்தியதும் தெருமுனையிலிருந்து பதில் சொல்லும் நாய். நான்காவதான தம் இறையை உரையாசிரியர்கள் அரசன், ஆசிரியன் என்றெல்லாம் விரித்தார்கள். துறைத் தலைவர் என்று கொள்க. முதல் மூன்றும் திரையில் நடிக்கப்படுபவை. நான்காவதுதான் படக்குழுவில் மெய்யாகவே நிலவும் அச்சம். வியர்த்தல், நடுங்கல், சொல் குழறல் எல்லாவற்றையும் ‘ரிவ்யூ’ நாளன்று அவர் அறை வாசலில் நின்று பார்க்கலாம். கேமரா மட்டும் அங்கே இருக்காது.

தொழில்நுட்பத்தை விரைவாகக் கடந்துவிடலாம், ஒன்றைத் தவிர. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. சோக் போட்ட டியூப் லைட் அதனால் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் அது தெரியாது. செல்போன் தன் இஷ்டத்துக்கு 1/60 என்று எடுத்துக்கொண்டால் சுவரில் கறுப்புப் பட்டைகள் மெதுவாக ஏறி இறங்கும். எடுத்து முடித்து லேப்டாப்பில் பார்க்கும்போதுதான் பூதம் தெரியும். “அது பேயோட பிரசன்ஸ் சார்” என்று சொல்லி மதிப்பெண் வாங்கியோர் உண்டு. ஒலிப்பதிவுக்காக ஃபேனை நிறுத்தினால் கதாநாயகன் முகத்தில் வியர்வை கொட்டும். அது நடிப்புக் கணக்கில் வரவு.

இதுவரை சொன்னவை கருவிகள். தொடக்கம் என்ன செய்ய வேண்டும் என்பதில் சினிமா வரலாறு மிகத் தெளிவாக இருக்கிறது. மேசைக்கடியில் வெடிகுண்டு இருப்பது யாருக்கும் தெரியாமல் அது வெடித்தால் பார்ப்பவனுக்குச் சில விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதை அவனுக்கு முன்பே காட்டிவிட்டு, மேசையில் இருப்பவர்களை வெட்டிப் பேச்சுப் பேசவிட்டால் கால் மணி நேரத் தவிப்பு. பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் ஹிட்ச்காக் விளக்கிய கணக்கு இது. ஆர்சன் வெல்ஸ் 1958ல் ‘டச் ஆஃப் ஈவில்’ படத்தை ஒருவன் குண்டில் நேரத்தைத் திருகிக் காரின் பின்புறம் வைப்பதில் தொடங்கினார். பிறகு வெட்டே இல்லாமல் மூன்று நிமிடத்துக்கு மேல் கேமரா அந்தக் காரோடும் கூட்டத்தோடும் நகர்கிறது. கார் நிற்கிறது, போகிறது, மறுபடி நிற்கிறது. நாம் மட்டும் விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறோம். இங்கே நம் மாணவர் பிடித்துக்கொள்வது ‘ஒரே ஷாட்’ என்பதை. கிம்பல் இரவல் வாங்கிக் கார் ஷெட்டிலிருந்து மாடிவரை ஒரே ஷாட்டில் ஏறுகிறார். குண்டு வைக்க மறந்துவிடுகிறார். மாடிப்படி எத்தனை என்று எண்ணுவதைத் தவிர நமக்கு வேலையில்லை.

வெளிநாட்டுக்கே போக வேண்டாம். வீணை எஸ். பாலச்சந்தர் 1954ல் ஏவி.எம்.முக்காக இயக்கிய ‘அந்த நாள்’ தொடக்கத்திலேயே சிவாஜி கணேசனைச் சுட்டுக் கொன்றுவிட்டது. பாட்டே இல்லாத தமிழ்ப்படம். ஜப்பானியர் சென்னையில் குண்டு போட்ட 1943ஆம் ஆண்டுப் பின்னணி. யார் சுட்டது என்று ஆளுக்கொரு கதை சொல்லச் சொல்ல, செத்தவரை நாம் ஒவ்வொரு முறையும் வேறு ஆளாகப் பார்க்கிறோம். குழாய் எதுவும் சொட்டவில்லை. ஹூடி கிடையாது.

டைட்டில் கார்டுகள் தனி இனம். ‘நாளைய இயக்குநர்’ என்ற தொலைக்காட்சிக் குறும்படப் போட்டி மேடையிலிருந்து கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன் என்று வரிசையாகத் திரையுலகுக்குள் நுழைந்த பிறகு, குறும்படம் என்பது விசிட்டிங் கார்டு ஆகிவிட்டது. இருபது வயதைத் தாண்டிய கையோடு கார்த்திக் நரேன் 2016ல் ‘துருவங்கள் பதினாறு’ கொடுத்ததும் மற்ற எல்லோருக்கும் வயதாகிவிட்ட உணர்வு. அதனால் பெயர்கள் பெருத்தன. எழுதியவர், இயக்கியவர், தொகுத்தவர் மூவரும் ஒருவரே என்றாலும் மூன்று கார்டு. பிறகு நன்றி: வீடு கொடுத்த அம்மா, பைக் கொடுத்த அண்ணன், கத்தி கொடுத்த கேன்டீன். திரையில் புகையிலை வந்தால் எச்சரிக்கை வாசகம் வேண்டும் என்ற விதி 2012 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நம் மாணவர் படத்தில் பீடி வாடைகூட இல்லாவிட்டாலும் அந்த வாசகம் இடம்பெறும். அது இருந்தால்தான் ‘படம் மாதிரி’ இருக்கிறதாம். இரண்டு நிமிடத்தில் ஒன்று இப்படிக் கழிந்துவிடுவதால்தான் மீதமுள்ள நிமிடத்தில் குழாய் சொட்ட வேண்டியிருக்கிறது. நடிகர் வேண்டாம், வசனம் வேண்டாம், தேதி கேட்க வேண்டாம். மோட்டார் ஓடினால் போதும். முதல் பத்தியில் எழுப்பிய வினாவுக்கு இதுவே விடை.

கடைசியாக, இத்துறையின் மிகக் கடினமான சிக்கல். மாணவர் த்ரில்லர்களில் கதாநாயகி ஏன் முதல் காட்சியிலேயே கொல்லப்படுகிறாள்? இயக்குநரைக் கேட்டால், “சைக்கோ ரெஃபரன்ஸ் சார்” என்பார். ஹிட்ச்காக் நாயகி ஜேனட் லீயைப் பாதிப்படம் தாண்டுவதற்குள் தீர்த்துக்கட்டியதும், படம் தொடங்கிய பிறகு யாரையும் தியேட்டருக்குள் விடக் கூடாது என்று பிடிவாதம் பிடித்ததும் உண்மைதான். ஆனால் அவர் பாதிப்படம்வரை அவளை நம்மோடு பழகவிட்டார். அந்தக் குளியலறையில் ஏழு நாள் செலவழித்தார். நம் நாயகியோ பெயர்கூடச் சொல்லாமல் சாகிறாள். ஜடை மட்டும்தான் அடையாளம். ஆய்வாளர் திரைக்கதையை விட்டுவிட்டு விடுதியின் நேர அட்டவணையைப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. மகளிர் விடுதிக் கதவு எட்டரைக்கு மூடுகிறது. ஏழரைக்குள் அவளைக் கொன்று, முகம் கழுவவைத்து, ஆட்டோ ஏற்றிவிட வேண்டும். பையன்கள் விடுதிக்குச் சுவர் ஏறிப் போய்விடுவார்கள். ஆகவே புலனாய்வு, துரத்தல், திருப்புமுனை, இரண்டாம் பாகத்துக்கான சிரிப்பு எல்லாம் அவர்களுக்கு. பெண்ணுக்கு ஒரு அலறல். எழுத உட்கார்ந்த எவனும் அவளை வெறுத்து இதைச் செய்வதில்லை. கேட் பூட்டுக்கேற்பக் கதை எழுதுகிறான், அவ்வளவுதான். ஆனால் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

எனவே விடுதிக் காப்பாளர்களுக்கு ஆய்வாளரின் பணிவான விண்ணப்பம்: படப்பிடிப்பு நாட்களில் மட்டுமாவது மகளிர் விடுதிக் கதவை இரவு பத்து மணிவரை திறந்து வையுங்கள். அந்தப் பெண் கிளைமாக்ஸ் வரை உயிரோடு இருக்கட்டும். முடிந்தால் கொலைகாரனை அவளே பிடிக்கட்டும்.