ஆம்பளைங்க மட்டும்

ஒரகடத்தில் செய்கிற பொருளுக்கு இருக்கிற பயண யோகம், செய்கிற ஆளுக்குக் கிடையாது. ரெனோ-நிசான் ஆலை 2010-லும் ராயல் என்ஃபீல்டு ஆலை 2013-லும் இங்கே வந்தன. காரும் பைக்கும் கப்பலேறி நாடு நாடாகப் போகின்றன. விளம்பரத்தில் முகம் நிறைய தாடியோடு ஒரு ஆள் அந்தப் பைக்கை ஓரங்கட்டிவிட்டுப் பனிமலையை முறைத்துக்கொண்டிருப்பார். போல்ட்டை முடுக்கியவர் அந்த நேரத்தில் படப்பை டிராஃபிக்கில், கம்பெனி பஸ்ஸில், வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருப்பார்.

நான் இருப்பது அவ்வளவு பெரிய கம்பெனி இல்லை. பெரிய கம்பெனிகளுக்கு சீட் பஞ்சு வார்த்துக் கொடுக்கிற சின்ன இடம். அதன் கேன்டீனில்தான் "ஆம்பளைங்க மட்டும், அட்வென்ச்சர் டூர்" என்ற யோசனை பிறந்தது. பெற்றவன் டூல் ரூம் தம்பி. கல்யாணம் ஆகாதவன், ரீல்ஸ் பார்ப்பவன். அவன் காட்டிய நாடு நியூசிலாந்து. அங்கே கவராவ் ஆற்றுப் பாலத்திலிருந்து காலில் கயிறு கட்டிக்கொண்டு 43 மீட்டர் கீழே குதிக்கிறார்கள். 1988-லிருந்து இதற்குக் காசு வாங்குகிறார்கள். காசு வாங்கிக்கொண்டு குதிக்கவிட்டதில் உலகத்திலேயே முதல் இடம் அதுதான்.

குவாலிட்டி அண்ணன் வீடியோவை நிறுத்திப் பார்த்தார். "கயிறு கடைசியா எப்ப டெஸ்ட் ஆச்சாம்?"

"தெரியலண்ணா."

"லாட் நம்பராவது இருக்கா?"

நியூசிலாந்து அங்கேயே ரிஜெக்ட் ஆனது. டிக்கெட் விலையைப் பார்த்த பிறகு எங்கள் எல்லாருக்குமே அண்ணன் மேல் ஒரு பக்தி வந்துவிட்டது.

"தீவு நாடுதானே வேணும்? பக்கத்துலயே ஒண்ணு கெடக்குதே" என்றார் மெயின்டெனன்ஸ் மாமா. ரிட்டயர்மென்ட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவர், செலவில்லாமல்தான் யோசிப்பார். சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரகடத்திலிருந்து மீனம்பாக்கம் போய்ச் சேர அதற்கு மேலேயே ஆகும். மலை உண்டு, ஆறு உண்டு, ரத்தம் குடிக்க அட்டைகூட உண்டு. வழி கேட்கத் தமிழும் போதும். முடிவாகிவிட்டது: சிவனொளிபாதமலை. உயரம் 2,243 மீட்டர், படிகள் ஐயாயிரத்துக்கு மேல்.

லீவு கேட்கப் போனோம். 2024-இல் நடந்த பெரிய ஸ்டிரைக்குக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் நாலு பேர் சேர்ந்து வந்து எதைக் கேட்டாலும் ஹெச்.ஆர். ஆட்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. "நாலு பேரும் ஒண்ணாவா? என்ன, சங்கம் ஏதாவது..." என்று எங்கள் ஹெச்.ஆர். குரலைத் தாழ்த்தினார். டூர் என்றதும் அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து, இன்னும் ரெண்டு நாள் சேர்த்துக் கேட்டிருக்கலாமே என்று மாமா வெகுநாள் வருத்தப்பட்டார்.

வீட்டில்தான் நிஜமான சாகசம். மலை என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன், பெயரைச் சொல்லித் தொலைத்தேன்.

"ஏங்க, சிவன் பாதம் இருக்கற மலையா? அப்ப கவிச்சி தொடக் கூடாது. அதையும் தொடக் கூடாது. கோயில்னு முன்னாடியே சொல்லியிருந்தா அம்மாவும் வந்திருப்பாங்களே."

ஆம்பளைங்க மட்டும் போகிற அட்வென்ச்சர் டூர் அந்த நிமிஷமே விரதம் ஆனது. நாலு வீட்டிலும் இதே தீர்ப்புதான். அண்ணனின் அம்மா திருஷ்டிக்கென்று எலுமிச்சம்பழம் வேறு கட்டிக் கொடுத்தார்.

எலுமிச்சையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். 1344-இல் இதே மலை ஏறிய இபின் பதூதா, அங்கே மரத்திலிருந்து பாய்கிற அட்டைகளைப் பற்றியும், அவற்றின் மேல் பிழிவதற்கென்றே ஆட்கள் எலுமிச்சை வைத்திருப்பதைப் பற்றியும் எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு டூர் ஏற்பாடு செய்தது நம் ஆள், யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. புத்தளத்தில் பார்த்தவர் கையோடு ஒரு பல்லக்கு, கூடவே யோகிகள் நாலு பேர், பிராமணர்கள் மூன்று பேர், பரிவாரம் பத்துப் பேர், சாப்பாட்டு மூட்டை தூக்கப் பதினைந்து பேர் என்று கொடுத்து அனுப்பினார். இன்றைக்கு எந்த டிராவல்ஸில் கிடைக்கும் இந்தப் பேக்கேஜ்? மலைக்கு இரண்டு வழி என்றும் பதூதா சொல்கிறார். ஆதாம் வழி கடினம், ஏவாள் வழி சுலபம். சுலபமான வழியில் ஏறிப் போனால் யாத்திரை கணக்கிலேயே சேராதாம். இப்போதும் இரத்தினபுரிப் பக்கம் நீண்ட வழி, நல்லதண்ணிப் பக்கம் குறுகிய வழி. நாங்கள் யோசிக்கவே இல்லை, நல்லதண்ணி.

போகிற வழியில் கித்துல்கலையில் களனி ஆற்றில் ரப்பர் படகு விட்டோம். 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' படத்துக்காகப் பாலம் கட்டித் தகர்த்தது இங்கேதான், படம் வந்தது 1957-இல். அண்ணன் லைஃப் ஜாக்கெட்டைத் திருப்பித் தையலைப் பார்த்தார். பாஸ் செய்தார். நனைந்தோம், கத்தினோம், வேறொன்றும் இல்லை.

மலைக்கு நள்ளிரவு தாண்டி ஏற ஆரம்பித்தால்தான் உச்சியில் சூரிய உதயம் பார்க்கலாம். தம்பி நெற்றியில் விளக்கு, முதுகில் தண்ணீர்க் குழாய் பை, கணுக்கால் மூடிய பூட்ஸ் என்று போருக்குக் கிளம்பியவனைப் போல வந்தான். படி நெடுக டியூப் லைட் எரிகிறது. படிக்குப் படி டீக்கடை. முதல் அரை மணி நேரம் எங்களுக்குள் போட்டி. அதற்கப்புறம் எந்தக் கடையில் பெஞ்சு இருக்கிறது என்பது மட்டும்தான் பேச்சு.

அப்போதுதான் ஒரு ஆயா எங்களைத் தாண்டினார். தலையில் துண்டு, காலில் ரப்பர் செருப்பு, கையில் ஒரு துணி மூட்டை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். எங்கள் பேச்சைக் கேட்டு நின்றார்.

"எந்த ஊரு தம்பி?"

"மெட்ராஸ் பக்கம், ஸ்ரீபெரும்புதூருங்க ஆயா."

"எங்க பாட்டன் துறையூர்ப் பக்கம்னு சொல்லுவாங்க. நான் பாத்ததில்ல." சொல்லிக்கொண்டே நாலு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். "உக்காராதீங்கப்பா, உக்காந்தா காலு புடிச்சிக்கும்." எங்கள் கையில் ஆளுக்கொரு துண்டு வெல்லத்தை வைத்துவிட்டு ஏறிப் போய்விட்டார். பேச மூச்சு இல்லாததால் நன்றிகூடச் சொல்லவில்லை.

உச்சியில் பாதத்தைக் கும்பிட்டோம். பௌத்தர்களுக்குப் புத்தர் பாதம், நமக்குச் சிவன் பாதம், முஸ்லிம்களுக்கு ஆதாம் பாதம். ஒரே கல்லுக்கு இத்தனை சொந்தக்காரர்கள் இருந்தும் வரிசை ஒழுங்காகப் போகிறது. பாதத்தை அளக்க அண்ணன் பையில் வெர்னியர் இல்லாதது அவன் அருள். அங்கே ஒரு மணி இருக்கிறது. எத்தனையாவது தடவை ஏறுகிறீர்களோ அத்தனை முறை அடிக்க வேண்டும். தம்பி விளக்கோடும் பூட்ஸோடும் நெஞ்சை நிமிர்த்தி ஒரு அடி அடித்தான். நாங்களும் ஆளுக்கு ஒன்று. எங்களுக்குப் பின்னால் ஆயா கயிற்றைப் பிடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார். தம்பி விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். கை விரல் தீர்ந்ததும் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"டபுள் கவுன்ட் ஆகியிருக்கும்" என்றார் அண்ணன். குரலில் உறுதி இல்லை.

இறங்கும்போது முழங்கால் நாலு பேருக்கும் தனித்தனியாகப் பேசியது. மாமா கடைசி ஆயிரம் படியைப் பின்பக்கமாக இறங்கினார். வீட்டுக்கு வந்து போட்டோவைக் காட்டினேன். பனிமூட்டம், பள்ளத்தாக்கு, உதயத்தில் விழுந்த முக்கோண நிழல் எதையும் மனைவி பார்க்கவில்லை. ஓரத்தில் மணிக்கயிற்றோடு நின்ற உருவத்தை விரலால் பெரிசு பண்ணினாள்.

"யாருங்க இது?"

சொன்னேன். ரப்பர் செருப்பு வரைக்கும் சொன்னேன்.

அவள் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். "அம்மா, பாஸ்போர்ட் போட்டோ எடுக்கப் போலாம், புடவைய மாத்து."