பொருநைப் பேருந்துக் காட்சியியல்: ஓர் அறிமுகம்

தாமிரபரணிச் சமவெளியை அரசுப் பேருந்தின் ஜன்னல் வழியாகப் பார்க்கும் முறைகளையும், பார்க்க முடியாமல் போவதற்கான காரணங்களையும் ஒருசேர ஆராயும் துறைக்குப் பொருநைப் பேருந்துக் காட்சியியல் என்று பெயர். பொதிகை மலையில் பிறக்கும் ஆறு, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும்வரை ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடுகிறது. அதில் மலைக்காடு நீங்கலாக மற்றதெல்லாம் இத்துறையின் ஆட்சிக்கு உட்பட்டது. சொந்தக் கார், சுற்றுலா வேன், வாடகை டாக்ஸி ஆகியவற்றில் போய்ப் பார்த்தவை இங்கே சான்றாக ஏற்கப்படுவதில்லை. நினைத்த இடத்திலெல்லாம் நிற்கும் வண்டியில் போனவரின் கூற்றில் ஆய்வுக்கு உரியதாக எதுவும் மிஞ்சாது.

துறையின் அடிப்படைக் கோட்பாடு எளியது. ஒருவர் எதைப் பார்த்துவிட்டு வந்தார் என்பதைத் தலபுராணமும் தொல்லியலும் முடிவு செய்வதில்லை. உட்கார்ந்த பக்கம், கையில் இருந்த சில்லறை, திரும்பும் வண்டியின் நேரம் ஆகிய மூன்றே முடிவு செய்கின்றன. பிற எல்லாம் இவற்றுக்குள் அடங்கும்.

தோற்றம்

இத்துறையின் முன்னோடியாக உரோமச முனிவரைக் கொள்ள வேண்டும். ஆற்றில் மிதக்கவிடப்பட்ட ஒன்பது பூக்கள் கரையொதுங்கிய இடங்களில் அகத்தியரின் சீடரான அவர் சிவனை வழிபட்டார் என்றும், அவையே நவகைலாயங்கள் என்றும் தலவரலாறு சொல்கிறது. பாவநாசம், சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி, சேர்ந்தபூமங்கலம் என்று மலையடிவாரத்திலிருந்து கடலோரம்வரை அவை வரிசையாக இறங்குகின்றன. போக்குவரத்து நோக்கில் பார்த்தால் இது குறைசொல்ல முடியாத ஏற்பாடு. ஒரே வழித்தடம், ஒன்பது நிறுத்தம், டீசல் செலவு இல்லை, நின்றுகொண்டு வரும் பயணி இல்லை. ஒரே குறை, பூவுக்குத் திரும்பி வரவேண்டிய கட்டாயம் கிடையாது. மனிதருக்கு உண்டு. இத்துறையின் பெரும்பாலான சிக்கல்கள் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிளைத்தவை.

பூக்களுக்கும் அரசுடைமைக்கும் இடைப்பட்ட காலத்தை விரைந்து கடந்துவிடலாம். 1974-இல் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் திருநெல்வேலியில் தொடங்கியது. 1997-இல் தலைவர்களின் பெயர்கள் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் நீக்கப்பட்டு, இங்கே தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற பெயர் வந்தது. வண்டியின் பக்கவாட்டிலிருந்து இறங்கிய கட்டபொம்மன், பாளையங்கோட்டையின் கே.டி.சி. நகர் நிறுத்தத்தில் ‘கே’ என்ற எழுத்தாக இன்னும் நிற்கிறார். நடத்துநர் அவரை நாள்தோறும் பலமுறை கூவி அழைக்கிறார். அழைப்பது யாரை என்று அவரும் நினைப்பதில்லை, இறங்குபவரும் நினைப்பதில்லை.

இடப்பெயர்ச் சிக்கல்

வெளியூரார் முதலில் அறிய வேண்டியது, திருநெல்வேலி என்று ஒரு நிறுத்தம் இல்லை என்பதே. டவுன் உண்டு, ஜங்ஷன் உண்டு, பாளை உண்டு, வண்ணாரப்பேட்டை உண்டு, வேய்ந்தான்குளத்தில் புது பஸ் ஸ்டாண்டு உண்டு. “திருநெல்வேலி போகுமா?” என்று படியில் கால்வைத்துக் கேட்பவருக்கு, “எந்தத் திருநெல்வேலிக்குப் போணும்? டவுனுக்கா, ஜங்ஷனுக்கா?” என்ற எதிர்க்கேள்விதான் விடையாகக் கிடைக்கும். அதற்கு விடை தெரிந்திருந்தால் அவர் முதல் கேள்வியையே கேட்டிருக்க மாட்டார்.

இந்தத் துண்டு துண்டான ஊரை ஒட்டவைத்திருப்பவை இரண்டு பாலங்கள். இரண்டும் பேருந்திலிருந்தே பார்க்கத்தக்கவை. ஆற்றின் மேல் நிற்கும் சுலோச்சன முதலியார் பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. கலெக்டர் அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவர் தம் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்தது அது. அந்தப் பாலத்தின் மேல் போகும்போதுதான் பாக்கி இரண்டு ரூபாய்க்காகக் குரல் உயர்கிறது என்பதை ஆய்வாளர்கள் வருத்தத்தோடு குறித்துக்கொள்ளலாம். ரயில் பாதையின் மேல் நிற்கும் ஈரடுக்கு மேம்பாலம் 1973-ஐச் சேர்ந்தது. பேருந்து மேலடுக்கில் போகும். இருசக்கர வண்டிகள் கீழடுக்கில் போகும். ஜங்ஷனிலிருந்து டவுனுக்கு டிக்கெட் எடுத்தவருக்கு ரயில் நிலையத்தின் மேற்பார்வை இலவசம். அந்த நேரத்தில் அவர் பெரும்பாலும் மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டிருப்பார்.

துண்டு

இருக்கைக்கு உரிமை ஏற்படும் வழிகளில் தலையாயது துண்டு போடுதல். வண்டி நிலையத்துக்குள் திரும்பும்போதே, அது நிற்குமுன், ஜன்னல் வழியாக ஒரு துணியை உள்ளே எறிந்து இருக்கையைத் தனதாக்கிக்கொள்வது இதன் இலக்கணம். துண்டு முதல் தரம். கைக்குட்டை செல்லும், ஆனால் காற்றடித்தால் உரிமை பறந்துவிடும். செய்தித்தாளை எடுத்துப் படிக்கத் தொடங்கிவிடுவார்கள் என்பதால் அது சான்றாக நிற்காது. மஞ்சள் பை கனமானது, மறுக்க முடியாதது. ஆனால் எறிந்தவருக்கு முன்னால் வேறொருவர் ஏறிவிட்டால் பையின் பாதுகாப்பும் ஒரு கவலையாகச் சேரும்.

வழக்கு எழும்போது வாதங்கள் பின்வருமாறு அமையும்.

“அண்ணாச்சி, அது நம்ம துண்டு.”

“துண்டுதான வே கெடக்கு? ஆளக் காணும.”

“ஆளு இந்தா நிக்கேன்லா.”

தீர்ப்புச் சொல்ல வேண்டிய நடத்துநர் அந்த நேரத்தில் கீழே நின்று “அம்பை, அம்பை, பாவநாசம்” என்று கூவிக்கொண்டிருப்பார். எனவே வழக்குகள் பெரும்பாலும் சமரசத்தில் முடிகின்றன. மூவர் இருக்கையில் நான்கு பேர் உட்காருவதே அந்தச் சமரசம். நடுவில் அகப்பட்டவருக்குத் தெரியும் காட்சி முன் இருக்கைக்காரரின் பின்தலை மட்டுமே. வண்டி பாவநாசம் போனாலும் திருச்செந்தூர் போனாலும் அவருக்கு ஒரே காட்சிதான். இரண்டு விசில் விழுந்து வண்டி நகர்ந்தபின் துண்டு வழக்குகள் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்படுவதில்லை.

நிழல் பக்கம்

துறையின் மிக வளமான பகுதி இது. திருநெல்வேலியிலிருந்து பாவநாசம் ஏறத்தாழ நேர் மேற்கே இருக்கிறது. ஊர் அமைந்திருப்பது வடக்கு அட்சரேகை 8.7 பாகையை ஒட்டி. ஆகவே சித்திரை பிறக்கும் சமயத்தில் ஒருமுறையும் ஆவணி நடுவில் ஒருமுறையும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர்மேலே வரும். ஆவணி நடுவிலிருந்து பங்குனிவரை அது தெற்கே சாய்ந்து போகும். சித்திரையிலிருந்து ஆவணிவரை வடக்கே சாய்ந்து போகும்.

இதிலிருந்து பெறப்படுவது: மார்கழியில் காலை வண்டியில் மேற்கே போகிறவருக்கு வெயில் இடப்பக்கம் விழும். விவரம் தெரிந்தவர் வலப்பக்கம் உட்காருவார். சாயங்காலம் கிழக்கு நோக்கித் திரும்பும்போது வெயில் வலப்பக்கம் விழும்; அவர் இடப்பக்கம் உட்காருவார். போகும்போது வலம், வரும்போது இடம் என்றால் இரண்டும் வடக்குப் பக்கமே. ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்தும் அவர் சமவெளியின் வடபாதியை இருமுறை பார்த்துவிட்டு, தென்பாதி என ஒன்று இருப்பதையே அறியாமல் வீடு சேர்கிறார். தென்பாதியைப் பார்க்க வேண்டுமானால் ஆனியில் மீண்டும் வர வேண்டும். அப்போது வெயில் இடம் மாறியிருக்கும், அவரும் மாறி உட்காருவார். ஆக, நிழலை விட்டுக்கொடுக்காத பயணிக்கு இந்தச் சமவெளியை முழுதாகப் பார்த்து முடிக்க ஆறு மாத இடைவெளியில் இரண்டு பயணங்கள் வேண்டும்.

ஆற்றைப் பார்க்க விரும்புவோர் நிலை சற்று வேறு. முன்னீர்பள்ளம், பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர் வழியாகப் போகும் சாலை ஆற்றுக்குத் தெற்கே கிடக்கிறது. அதனால் மேற்கே போகும்போது ஆறு வலப்பக்கம் இருக்கும். கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையே வண்டி பாலத்தில் ஆற்றைக் கடந்ததும் ஆறு இடப்பக்கம் போய்விடும். அந்தப் பாலத்தில் இருபக்கத்தாருக்கும் சற்று நேரம் சமநீதி கிடைக்கிறது. மற்ற இடங்களில் ஆறு இருப்பதை வயலின் பச்சையையும் தென்னந்தோப்பையும் கொண்டு ஊகிக்க வேண்டியதுதான். தாமிரபரணியைப் பேருந்திலிருந்து பார்த்தோம் என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் பார்த்தது அதன் வாய்க்கால்களை. அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை, வாய்க்காலிலும் அதே தண்ணீர்தான்.

திருச்செந்தூர்ச் சாலைக்கு இந்த விதிகள் அப்படியே பொருந்தா. அது தென்கிழக்கே போகிறது. மார்கழிக் காலையில் வெயில் ஓட்டுநரின் முகத்துக்கு நேரே விழுவதால் பயணிகள் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஒன்றே. கிருஷ்ணாபுரத்துச் சிற்பங்களும் ஆதிச்சநல்லூர்ப் பரம்பும் இந்தச் சாலையில்தான் உள்ளன. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் சில ஆண்டுகள் தோண்டி முதுமக்கள் தாழிகளையும் இரும்பு, வெண்கலப் பொருள்களையும் எடுத்தார். பேருந்து அதைக் கடக்க ஆகும் நேரத்தில் ஒருவர் கொட்டாவி ஒன்றைத் தொடங்கி முடிக்கலாம். கிருஷ்ணாபுரத்தில் இறங்கினால் கல்லில் வடித்த நரம்புகளையும் நகங்களையும் பார்க்கலாம். இறங்கியவர் அடுத்த வண்டியில் உட்கார இடம் எதிர்பார்க்கக் கூடாது.

கட்டணம்

பயணக் கட்டணத்துக்கும் இறையியலுக்கும் உள்ள உறவைத் தமிழில் முதலில் சுட்டியவர் திருநெல்வேலியில் வளர்ந்த புதுமைப்பித்தன். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கடவுள் வருமுன்னே டிராமுக்கும் பஸ்ஸுக்குமான காலணாக் கணக்கு வந்துவிடுகிறது. சில்லறை இல்லாதவருக்கு நடத்துநர் டிக்கெட்டின் பின்புறம் பாக்கியை எழுதித் தருவார். அந்த எழுத்தை வைத்திருப்பவர் அதன்பின் காட்சி எதையும் பார்ப்பதில்லை. நடத்துநர் பின்னால் போகிறாரா, முன்னால் வருகிறாரா, இறங்குமுன் நம்மை நினைவில் வைத்திருப்பாரா என்பதையே பார்க்கிறார். நோட்டு பெரிதாகப் பெரிதாகக் காட்சிகளின் எண்ணிக்கை குறையும் என்பதை ஒரு விதியாகவே வகுக்கலாம்.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபின் இந்த விதி பாதிப் பேருக்குச் செல்லாததாகிவிட்டது. நகரப் பேருந்து என்ற பெயரில் வயலையும் குளக்கரையையும் தாண்டிக் கிராமங்களுக்குப் போகும் வண்டிகளும் உண்டு என்பதால், பொறுமையும் வண்டி மாறும் திறமையும் உள்ள ஒரு ஆச்சி, கைக்காசு செலவில்லாமல் சமவெளியின் கணிசமான பகுதியைப் பார்த்துவிட முடியும். உடன் வரும் தாத்தா டிக்கெட் எடுக்க வேண்டும். அந்தச் செலவை முன்னிட்டு அவர் வீட்டிலேயே விடப்படும் வழக்கம் தனி ஆய்வுக்குரியது.

நண்பகல்

கோயில் பார்ப்போர் கணக்கில் மிகப் பெரிய தடை நண்பகல். பெரும்பாலான கோயில்கள் மதியம் நடை சாத்தி மாலையில் திறக்கின்றன. ஒன்பது பெருமாள் தலங்களான நவதிருப்பதிகளில் ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை போன்றவை ஆற்றின் தென்கரையிலும், ஸ்ரீவைகுண்டம், நத்தம், திருப்புளிங்குடி, பெருங்குளம், இரட்டைத் திருப்பதி ஆகியவை வடகரையிலும் இருப்பதால், ஒரே வண்டியில் நேராகப் போய்ப் பார்த்துவிட இயலாது. வழக்கமான பேருந்துகளை மட்டும் நம்பி விடியற்காலையில் கிளம்புபவர் மதியத்துக்குள் சில தலங்களைப் பார்த்துவிட்டு, மீதி நேரத்தைச் சாத்திய கதவுக்கு எதிரே உள்ள திண்ணையில் கழிப்பார். ஒவ்வொரு தலமும் ஒரு கிரகத்துக்கு உரியது என்பதால் கிரக பலன்கள் அரைகுறையாக நின்றுவிடும். செவ்வாய் சரியாகி, சனி அப்படியே இருந்துவிடுவது இதனால்தான்.

இதைப் போக்குவரத்துக் கழகமும் உணர்ந்திருக்கிறது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நவதிருப்பதிக்கும், மார்கழி ஞாயிறுகளில் நவகைலாயத்துக்கும் திருநெல்வேலியிலிருந்து சிறப்புப் பேருந்துகள் விடப்படுகின்றன. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலுக்கும் அப்படியே. ஒன்பதையும் ஒரே நாளில் முடித்துத் தரும் இந்த வண்டிகளைக் காட்சியியலார் சற்று ஐயத்தோடுதான் நோக்குகிறார்கள். அதில் துண்டு இல்லை, வண்டி மாறுதல் இல்லை, திண்ணை இல்லை. வண்டியில் ஏறி இறங்கியதில் எண்ணிக்கை குழம்பி, பார்த்தது எட்டா ஒன்பதா என்று திரும்பும் வழியெல்லாம் விரல்விட்டு எண்ணும் பயணிகள் மட்டும் உண்டு.

கடைசி வண்டி

எந்த ஊரில் இறங்கினாலும் முதலில் விசாரிக்க வேண்டியது அங்கிருந்து திரும்பும் கடைசி வண்டியின் நேரம். நேரக் காப்பாளர் ஒரு நேரம் சொல்வார், டீக்கடைக்காரர் ஒரு நேரம் சொல்வார், நிழற்குடையில் உட்கார்ந்திருப்பவர் “இப்பம் அந்த வண்டி வாறதில்ல” என்பார். மூன்றில் முந்திய நேரத்தைக் கொள்வது அறிவுடைமை. கடைசி வண்டியின் நேரம் தெரிந்த கணத்திலிருந்து பயணி பார்ப்பது கைக்கடிகாரத்தை. பாவநாசத்தில் அருவிக் குளியல் பாதியில் முடிவதற்கும், ஈரத் துண்டோடு வண்டி ஏறுவதற்கும் இதுவே காரணம். ஈரத் துண்டுக்கும் இடம்பிடிக்கும் உரிமை உண்டு. அதன்மேல் யாரும் உட்கார விரும்புவதில்லை என்பதால் சற்றுக் கூடுதலாகவே உண்டு.

டவுனில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கும் இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும் என்பதால் மேற்கே போனவர்கள் அந்த நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அல்வா வரிசையில் நின்று கடைசி வண்டியை விட்டவர், வண்டியைப் பிடித்து அல்வாவை விட்டவர் என இருவகையினரையும் இத்துறை சமமாகவே நடத்துகிறது. இரண்டையும் விட்டவர்கள் ஷேர் ஆட்டோவில் வீடு சேர்வார்கள். ஷேர் ஆட்டோவில் பார்த்தவை இத்துறையின் வரம்புக்கு உட்பட்டவை அல்ல.