கரையில் அத்தை இல்லாத ஊர்

டூங்காபி, சிட்னி
ஞாயிறு இரவு

அன்புள்ள அத்தைக்கு,

மருமகன் செந்தில் எழுதுவது. இங்கே நான், கமலா, பிள்ளைகள் எல்லோரும் நலம். கார் மட்டும் நலமில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம், நீங்கள் சிரிக்கிற சிரிப்பில் பாதிக் கதை காதில் விழாது.

திருச்செந்தூரில் நாம் கடலாடப் போன நாட்களில் நீங்கள் தண்ணீரில் இறங்கி நான் பார்த்ததே இல்லை. மணலில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பீர்கள். மாமாவின் வாட்ச், அப்பாவின் மணிபர்ஸ், சித்தி கழற்றிக் கொடுத்த வளையல், கடைசியில் வேன் டிரைவரின் சாவி வரை உங்கள் மடிக்குள் போய்விடும். "எல்லாரும் முங்கிட்டு வாங்க, நான் இருக்கேன்லா" என்பீர்கள். அன்றைக்கு அதன் அருமை தெரியவில்லை. இந்த ஊரில் ஆயிரம் வசதி இருக்கிறது, கரையில் உட்கார ஓர் அத்தை இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நாற்பத்து மூன்று வயதில் எனக்கு சர்ஃபிங் ஆசை வந்துவிட்டது. பலகை மேல் ஏறி நின்று அலையோடு வழுக்கிக்கொண்டு கரைக்கு வருவார்களே, அது. நான் இன்னும் நிற்கவில்லை, படுத்தபடிதான் வருகிறேன். சனிக்கிழமைகளில் ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குப் போவது எங்கள் வழக்கம். கமலாவைக் கோயிலில் இறக்கிவிட்டு மலை இறங்கினால் கொஞ்ச நேரத்தில் ஸ்டான்வெல் பார்க் கடற்கரை. அவள் பிரதட்சிணம் முடித்து, கேன்டீனில் தோசைக்கு வரிசையில் நின்று முடிப்பதற்குள் நான் நாலு அலையில் விழுந்து எழுந்துவிடுவேன்.

இங்கே இப்போது குளிர்காலம். கடல் 17 டிகிரிக்கு வந்துவிடும். அதற்கென்று உடம்பை ஒட்டிப் பிடிக்கும் ரப்பர் உடை ஒன்று உண்டு. ஆட்டுத் தோலை உரிப்பதைத் தலைகீழாகச் செய்தால் எப்படியோ, அப்படித்தான் அதற்குள் நுழைய வேண்டும். அதில் சட்டைப்பை கிடையாது. சாவிக்கென்று ஒரு சின்னப் பொந்தும் ஒரு கண்ணியும் சில உடைகளில் வைத்துத் தைத்திருப்பார்கள். நான் வாங்கியது பழைய உடை. கண்ணி அறுந்த இடத்தில் நூல்தான் தொங்குகிறது.

ஆகவே அலையில் இறங்குமுன் ஒவ்வொருவருக்கும் ஒரு சாவிப் பிரச்சினை. காலையில் வண்டி நிறுத்துமிடத்தில் நின்று பார்த்தால் கூத்து. ஒருவர் குனிந்து டயரில் காற்று பார்ப்பதுபோல் பாவனை செய்வார், டயரின் தலையில் சாவி போய்விடும். இன்னொருவர் பெட்ரோல் மூடியைத் திறந்து மூடுவார். மூன்றாமவர் வெறுங்காலோடு வந்து செருப்பைத் தேடுவதுபோல் பம்பருக்கு அடியில் கைவிடுவார். அத்தனை பேரும் அத்தனை பேரையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, பார்க்காதது மாதிரி நடந்து போவார்கள். நமக்குத் தெரிந்த ஒளிவிடம் திருடனுக்குத் தெரியாதா? அவன் பலகை கூட வாங்க வேண்டாம். ஒரு காபியோடு பெஞ்சில் உட்கார்ந்தால் போதும். நாமெல்லாம் கடலைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் திரும்ப மாட்டோம்.

நம்பர் பூட்டு போட்ட சின்ன இரும்புப் பெட்டியும் விற்கிறார்கள். அதற்குள் சாவியை வைத்து வண்டியிலேயே தொங்கவிட வேண்டுமாம். "சாவி இங்கே இருக்கிறது" என்று போர்டு எழுதி மாட்டியது போல எனக்குப் பட்டது. வாங்கவில்லை.

என் காரில் வேறு வில்லங்கம். அதன் சாவி பார்க்கச் சாவி மாதிரியே இருக்காது, சோப்புக்கட்டி மாதிரி இருக்கும். பையில் இருந்தால் போதும், கைப்பிடியைத் தொட்டதும் கதவு திறக்கும், பொத்தானை அழுத்தியதும் இன்ஜின் ஓடும். காரும் சாவியும் ரேடியோவில் கிசுகிசு பேசிக்கொள்கின்றன. இந்தச் சாவியை டயர் மேல் ஒளித்து வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். திருடன் குனியக்கூட வேண்டாம். "முதலாளி பக்கத்திலேயே நிற்கிறார்" என்று கார் தானே கதவைத் திறந்துவிடும்! ஏழு கடல் தாண்டி ஒரு கிளிக்குள் மந்திரவாதியின் உயிர் இருக்கும் என்று கதை சொல்வீர்களே, அந்தக் கிளியை மந்திரவாதியின் காலடியிலேயே கட்டிவைத்த கதை இது.

அதனால் புத்திசாலித்தனமாக, தண்ணீர் புகாத பை என்று சொல்லி விற்ற ஒரு பிளாஸ்டிக் பையில் சாவியைப் போட்டுக் கழுத்தில் மாட்டி ரப்பர் உடைக்குள் விட்டுக்கொண்டேன். மூன்றாவது அலையில் குப்புற விழுந்தேன். கரையேறிப் பார்த்தால் பைக்குள் அரைக் கிண்ணம் கடல். சாவியைக் கவிழ்த்தேன், உப்புத் தண்ணீர் சொட்டியது. பொத்தானை அழுத்தினேன். பதில் இல்லை.

அந்தக் கடற்கரைக்குப் பெருமை ஒன்று உண்டு. 1894-ல் லாரன்ஸ் ஹார்கிரேவ் என்பவர் நான்கு பெட்டிப் பட்டங்களைக் கட்டிக்கொண்டு 16 அடி உயரம் எழும்பியது அங்கேதான். அதே இடத்தில் உங்கள் மருமகன், போனும் வேட்டியும் காருக்குள் இருக்க, வெளியே கறுப்பு ரப்பரில் நடுங்கிக்கொண்டு நின்றான்.

நரைத்த தாடியோடு ஒரு பெரியவர் வந்தார். சாவியை வாங்கித் திருப்பினார். ஓரத்தில் இருந்த குமிழை நகத்தால் தள்ளி இழுத்தார். உள்ளேயிருந்து ஒரு சின்ன உலோகச் சாவி வந்தது! நாலு வருடமாக அந்தக் கார் என்னிடம் இருக்கிறது, சாவிக்குள் சாவி இருப்பது எனக்குத் தெரியாது. கைப்பிடி ஓரத்திலிருந்த பிளாஸ்டிக் மூடியை நெம்பினார், அங்கே துவாரம். திருகியதும் கதவு திறந்தது. திறந்த மறு நொடி அலாரம் அலறத் தொடங்கியது. கடற்கரையே திரும்பிப் பார்த்தது. கறுப்பு உடையில் ஒருவன் காரை உடைக்கிறான், தாடிக்காரர் ஒத்தாசை செய்கிறார் என்றுதான் தோன்றியிருக்கும். ஒரு சின்னப் பெண் அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

கதவு திறந்தது, இன்ஜின் ஓடவில்லை. 2001 ஜூலையிலிருந்து இங்கே புதுக் கார்கள் எல்லாவற்றிலும் சாவியின் சில்லை அடையாளம் கண்டால்தான் கிளப்பும் பூட்டு கட்டாயம். பெரியவரின் வண்டி அதற்கு முந்தியது. வெறும் இரும்புச் சாவி. கயிற்றில் கோத்துக் கடலுக்குக் கொண்டுபோகிறார், நனைந்தால் துண்டில் துடைக்கிறார். எனக்கு வந்த பொறாமையைச் சொல்ல முடியாது.

கமலா யாரோ ஒருவர் காரில் வந்து இறங்கினாள். கையில் புளியோதரைப் பொட்டலம். "மாற்றுச் சாவி எங்கே?" என்று கேட்டேன். "முருகன் படத்துக்குப் பின்னால, டூங்காபியில" என்றாள். அறுபது கிலோமீட்டர். புதுச் சாவிக்கு ஆன அறுநூற்றுச் சொச்சம் டாலரை ரூபாயில் கணக்குப் போட வேண்டாம். நான் ஒரு தடவை போட்டுவிட்டு அன்று சாப்பிடவில்லை.

இப்போது பெரியவர் சொல்லிக்கொடுத்த முறைதான். கோயில் வாசலில் செருப்பை ஜோடியாக விடாமல் ஒன்றைத் தேர் பக்கமும் மற்றதை மண்டபத்துப் பக்கமும் விடுவாரே மாமா, அதே தந்திரம். உலோகச் சாவியை மட்டும் உருவி உடம்போடு வைத்துக்கொள்வது. சில்லு உள்ள சோப்புக்கட்டியைக் காருக்குள்ளேயே விட்டு, கதவை உலோகச் சாவியால் பூட்டுவது. ஆனால் சாவி உள்ளே இருப்பது காருக்குத் தெரிந்தால் ஒப்பாரி வைக்கும், கதவும் தொட்டதும் திறக்கும். அதன் கண்ணைக் கட்ட வேண்டும். சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளை ஒரு சுற்றுச் சுற்றினேன், கார் கண்டுபிடித்துவிட்டது. மூன்று சுற்றுச் சுற்றி, நீங்கள் முறுக்கு போட்டு அனுப்பிய எவர்சில்வர் சம்படத்தில் வைத்து மூடினேன். வாசலில் நின்று பத்து முறை கைப்பிடியைத் தொட்டேன், அசையவில்லை. வெளியே உள்ள மின்சாரம் உலோகக் கூட்டுக்குள் எட்டாது என்று மைக்கேல் ஃபாரடே 1836-ல் காட்டிய சங்கதியின் தொடர்ச்சிதான். என் காருக்கு இது சரி. மற்றவர் காருக்கு அவரவர் சம்படம்.

மிச்சம் அந்த உலோகச் சாவியை எங்கே கட்டுவது? கழுத்துக் கயிறு அலையில் சுருக்குப் போடுகிறது. ஷூ லேஸை இடுப்பில் கட்டினேன். நனைந்த முடிச்சை அவிழ்க்கப் பல்லால் கடிக்க முயன்று, சொந்த இடுப்பைப் பல்லால் எட்ட முடியாது என்று தெரிந்துகொண்டேன்.

அத்தை, பாளையங்கோட்டை ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரமே நாகரிகம் பார்த்து அரணாக்கயிற்றை அறுத்துப் போட்டேன். "ஆம்பளப் பிள்ளை வெறும் இடுப்போட இருக்கப்படாதுல" என்று நீங்கள் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அன்றைக்குப் பேசாமல் இருந்தது நியாயம்தான். தை மாதம் சித்தப்பா இங்கே வரும்போது சன்னதித் தெருவில் கறுப்பு அரணாக்கயிறு நாலு வாங்கிக் கொடுத்தனுப்புங்கள். மெல்லிசு வேண்டாம், நல்ல முறுக்குக் கயிறாக. இடுப்பளவு 38, மாமா கேட்டால் 36 என்று சொல்லுங்கள்.

கமலா முறுக்கும் கேட்கிறாள். புதுச் சம்படத்தில் போட்டு அனுப்புங்கள். பழையதில் சாவி குடியிருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்
செந்தில்